உதயகிரிக் கோட்டையில் டிலனாய் கல்லறை: கல் சொல்வதும் சொல்லாததும்

அவையோர்க்கு வணக்கம்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில், தக்கலைக்குச் சற்று முன்னால் புலியூர்குறிச்சி. அங்கே இருக்கிறது உதயகிரிக் கோட்டை. நடுவில் ஒரு குன்று, அதைச் சுற்றி கருங்கல் மதில், உள்ளே ஏறத்தாழ 90 ஏக்கர். இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மானும் மயிலும் பார்க்க வருகிறவர்களில் பலர், கூரை விழுந்த ஒரு தேவாலயச் சுவர்களைக் கடந்தே போகிறார்கள். அந்தச் சுவர்களுக்குள்தான் திருவிதாங்கூர்ப் படையின் தளபதி யூஸ்டாக்கியஸ் பெனடிக்டஸ் டிலனாய் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

1741 ஆகஸ்டில் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக் கம்பெனிப் படை தோற்றபோது பிடிபட்டவர்களில் ஒருவர் இவர். சிறைப்பட்டவர் மன்னரின் பணியில் சேர்ந்து, படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, இதே கோட்டையைப் புதுப்பித்து, 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன், என்று பெயர் வாங்கினார். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். நாம் இன்று கல்லுக்குப் போவோம்.

கல்வெட்டு இரண்டு மொழிகளில் இருக்கிறது: லத்தீன், தமிழ். அன்றைய கத்தோலிக்கருக்கு லத்தீன் வழிபாட்டு மொழி. தமிழ், கோட்டையைச் சுற்றியிருந்த மக்களின் மொழி. டிலனாயை அனுப்பிய கம்பெனியின் டச்சு மொழிக்கு அங்கே இடமே இல்லை. லத்தீன் வாசகம் 'சிஸ்தே வியாத்தோர்' என்று தொடங்குகிறது: 'வழிப்போக்கனே, நில்!' சாலையோரத்தில் புதைக்கும் ரோமானிய வழக்கிலிருந்து வந்த தொடர் அது. தொடர்ந்து அது சொல்வது: திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்தார், ஏறக்குறைய 37 ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாக ஊழியம் செய்தார், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை ஆயுத பலத்தாலும் அச்சத்தாலும் அவருக்குப் பணியவைத்தார், 62 ஆண்டு 5 மாதம் வாழ்ந்து 1777 ஜூன் 1இல் இறந்தார்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். குளச்சல் போரிலிருந்து இறந்த நாள் வரை 35 ஆண்டு 10 மாதம்தான். கல்லோ 37 என்கிறது. பிறந்தது 1715 டிசம்பர் இறுதி என்பது பொதுவாகக் கொள்ளப்படும் தேதி. அதன்படி வயது 61 ஆண்டு 5 மாதம். கல்லோ 62 என்கிறது. ரோமன் எண்களைப் படிக்கும்போது முதலில் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். கடைசிக் கோடு ஒன்று மழுங்கினால் 37 என்பது 36 ஆகிவிடும், 62 என்பது 61 ஆகிவிடும். ஆனால் தேய்மானம் இந்த எண்களைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. நம் இரண்டு எண்களும் கூடியல்லவா இருக்கின்றன? அப்படியானால் காரணம் எண்ணும் முறையில் இருக்க வேண்டும். 1741ஐயும் 1777ஐயும் சேர்த்து எண்ணினால் சரியாக 37. முதலும் கடைசியும் முழு ஆண்டுகள் அல்ல என்பதால் 'ஏறக்குறைய' என்ற சொல் விழுந்திருக்கிறது. வயதிலும் நடப்பு ஆண்டைச் சேர்த்திருக்கிறார்கள் என்றே கொள்ளலாம். நம் ஊரில் 'நடக்கிறது 62' என்போமே, அதேதான்.

இத்தகைய கல்லைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்தில் சுண்ணக்கட்டி தேய்த்துப் படம் எடுக்காதீர்கள். தேய்ப்பவர் எழுத்தென்று நம்பிய கீறல்தான் படத்தில் எழுத்தாகத் தெரியும், தூளும் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். ஈரத்தாளை ஒற்றித் தூரிகையால் தட்டி, அரைகுறையாகக் காய்ந்ததும் மை ஒற்றி எடுக்கும் மைப்படி நல்ல முறைதான். ஆனால் உரிந்துகொண்டிருக்கும் கல்லில் அந்தத் தட்டலே செதிலைப் பெயர்த்துவிடும். பொறுப்பான துறையின் அனுமதியும் வேண்டும். விளக்கைக் கல்லின் தளத்தோடு ஒட்டினாற்போல், மிகத் தாழ்ந்த கோணத்தில் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒரே இடத்தில் கேமராவை நிறுத்தி, விளக்கை மட்டும் நான்கு பக்கமும் மாற்றி நான்கு படம். மேலிருந்து கீழாக வெட்டிய கோடு, இடவல வெளிச்சத்தில்தான் நிழல் தரும்.

கூரையில்லாக் கட்டடத்தின் முதல் எதிரி, சுவரின் தலைப்பில் இறங்கும் மழை. அடுத்தது சுவரில் முளைக்கும் அரசும் ஆலும். செடியைப் பிடுங்கினால் வேரோடு சுண்ணச்சாந்தும் வரும். வெட்டி, வேரைச் சாகடிக்க வேண்டும். மூன்றாவது எதிரி நல்லெண்ணத்தோடு வரும் சிமெண்ட். அது ஈரத்தை உள்ளே அடைக்க, உப்பு பக்கத்துக் கல்லின் முகத்தை உரிக்கும். பழைய சுண்ணச் சுவருக்குச் சுண்ணமே பூச வேண்டும்.

இனி, கல் சொல்லாதவை. லத்தீன் வாசகத்தில் குளச்சல் இல்லை, டச்சுக் கம்பெனி இல்லை, கடற்படை என்ற சொல்லே இல்லை. மேடைகளில் இவரை 'அட்மிரல்' என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மன்னர் என்பதும் ஒருமையில்தான் வருகிறது. டிலனாய் ஊழியம் செய்தது மார்த்தாண்ட வர்மா, 1758இல் பட்டத்துக்கு வந்த கார்த்திகைத் திருநாள் ராம வர்மா என்ற இருவருக்கு. வெற்றிப் பட்டியலும் வடதிசையோடு நின்றுவிடுகிறது. மலைக்குக் கிழக்கே, திருநெல்வேலிச் சீமையின் களக்காட்டில் நடந்த போர் அதில் இல்லை. 1765இல் அங்கே உயிர்விட்ட இளைஞர் ஜோகன்னஸ், தளபதியின் மகன். அவருடைய கல்லறையும் அதே சுவர்களுக்குள், தகப்பனாருடையதற்கு அருகிலேயே இருக்கிறது.