களைப்பை எழுதியவர்: அலிஸ்டர் மெக்லீன்

அனைவருக்கும் வணக்கம்.

இன்று ஆங்கிலத்தில் சாகச நாவல்கள் எழுதிய மெக்லீனைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அதெல்லாம் ரயிலில் படித்துவிட்டு இறங்கும்போது சீட்டிலேயே விட்டுவிடுகிற புத்தகம்தானே? பேசுவதற்கு என்ன இருக்கிறது?" நியாயமான கேள்விதான். நானும் முதலில் ரயிலில்தான் படித்தேன். வாடகை நூலகத்துப் பிரதி, அட்டை கிழிந்தது, கடைசிப் பக்கம் பசை போட்டு ஒட்டியது. கதையில் யார் யாரைச் சுட்டார்கள் என்பது எனக்குச் சீக்கிரமே மறந்துவிட்டது. ஆனால் கப்பலின் மேல்தளத்தில் சிலர் பனிக்கட்டியைக் கொத்திக்கொண்டு நிற்பது மட்டும் இத்தனை வருடமாக மறக்கவில்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆர்க்டிக் கடலில் புயல் அடிக்கும்போது கப்பல்மேல் தெறிக்கும் தண்ணீர் விழுந்த இடத்திலேயே உறைந்துவிடும். கம்பி, ஏணி, பீரங்கி, கொடிக்கம்பம் என்று எல்லாவற்றின் மேலும் பனிக்கட்டி ஏறிக்கொண்டே போகும். அவ்வளவு எடையும் கப்பலின் மேல்பாகத்தில் சேர்கிறது அல்லவா? ஓர் அளவைத் தாண்டினால், அலையில் ஒருபக்கம் சாய்கிற கப்பல் மறுபடி நிமிராது, அப்படியே கவிழ்ந்துவிடும். அதனால் மாலுமிகள் கோடரி, சுத்தியல் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பகல் இரவு பாராமல் பனியை உடைத்துக் கடலில் தள்ளவேண்டும். பகல் என்று சொன்னேன், அங்கே நடுக்குளிர்காலத்தில் சூரியன் உதிப்பதே இல்லை. கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டு உரியும். கடலில் விழுந்தவனுக்குச் சில நிமிடங்கள்தான். இத்தனைக்கும் எதிரி இன்னும் வரவே இல்லை.

இரண்டாம் உலகப் போரில் அந்தக் கடல்வழியாகக் கப்பல்கள் போனது எதற்கு? 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் நாட்டின்மீது படையெடுத்தார். ரஷ்யர்களுக்கு டாங்கியும் விமானமும் எரிபொருளும் அனுப்பியாக வேண்டும். அதற்குக் குறுகிய வழி நார்வேயைச் சுற்றிக்கொண்டு மூர்மான்ஸ்குக்கோ ஆர்க்காங்கெல்ஸ்குக்கோ போகும் கடல்வழி. நார்வே ஜெர்மானியர் கையில். அங்கிருந்து விமானம் வரும், கடலுக்கடியில் நீர்மூழ்கி காத்திருக்கும். சரக்குக் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து, சுற்றிலும் போர்க்கப்பல்களைக் காவல் வைத்து அனுப்பினார்கள். கான்வாய் என்பது அதுதான். 1941 ஆகஸ்டு முதல் 1945 மே வரை 78 கான்வாய்கள் போய்வந்தன. 1942 ஜூலையில் பிக்யூ 17 என்ற கான்வாய்க்கு நேர்ந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வருகிறது என்று பயந்து, கலைந்து போகும்படி லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. காவல் விலகியது. தனித்தனியாக ஓடிய சரக்குக் கப்பல்களில் 24 மூழ்கின. டிர்பிட்ஸ் அவற்றைத் தாக்க வரவே இல்லை.

அலிஸ்டர் மெக்லீன் 1941-ல், பத்தொன்பது வயதில், பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். 1943 முதல் அவர் இருந்தது ராயலிஸ்ட் என்ற க்ரூசர் வகைப் போர்க்கப்பலில். ஆர்க்டிக் கான்வாய்க் காவல், நார்வே கரையோரம் டிர்பிட்ஸைத் தாக்கப்போன விமானந்தாங்கிக் கப்பல்களுக்குத் துணை, அப்புறம் மத்தியதரைக் கடல், ஏஜியன் தீவுகள், 1945-ல் நம் பக்கத்துக் கடல். அந்த வருடம் பர்மா, சுமத்ரா பக்கம் போய்வந்த பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கடற்படைக்குத் தளம் திருகோணமலை. ராயலிஸ்ட் அந்தப் படையில் ஒரு கப்பல். ஜப்பான் சரணடைந்த பிறகு சிங்கப்பூர் சாங்கி சிறையிலிருந்து விடுதலையானவர்களை ஏற்றிச் செல்வதிலும் அந்தக் கப்பலுக்குப் பங்கு இருந்தது.

அவருடைய வேலை என்ன தெரியுமா? டார்பிடோ பிரிவு, அதாவது நீருக்கடியில் பாய்ந்துபோய்க் கப்பலைத் தகர்க்கும் குண்டுகளைக் கையாளும் பிரிவு. அதிகாரி அல்ல, சாதாரண மாலுமி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

அவர் 1922-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்துத் திருச்சபையின் போதகர். வளர்ந்தது வடக்கே இன்வர்னஸுக்குப் பக்கத்தில் டேவியட் என்ற ஊரில். வீட்டு மொழி கேலிக், ஆங்கிலம் அப்புறம் கற்றதுதான். உலகம் முழுக்க ஆங்கில நாவல் விற்றவருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. அவர் நடையைக் குறை சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கலாம். வாக்கியம் சில இடங்களில் விறைப்பாக நிற்கும், அடுக்கு அடுக்காகப் பெயரடை வரும். ஆனால் ஒரு காரியம் எப்படி நடக்கிறது என்று படிப்படியாகச் சொல்லும்போது அவ்வளவு தெளிவு.

பதினான்கு வயதில் அப்பாவை இழந்தார். போர் முடிந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார். அந்தக் காலத்தில் தபால் பிரிக்கும் வேலையும் தெருக்கூட்டும் வேலையும் செய்திருக்கிறார். பிறகு ரதர்க்ளென் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். 1953-ல் திருமணம். மனைவி கிசேலா ஒரு ஜெர்மன் பெண். எட்டு வருடம் முன்புவரை அந்த நாட்டுக் குண்டுகளுக்கு நடுவே கிடந்தவர் என்பதை யோசித்தால் எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

1954-ல் கிளாஸ்கோ ஹெரால்ட் பத்திரிகை ஒரு சிறுகதைப் போட்டி வைத்தது. மெக்லீன் 'டிலியஸ்' என்று ஒரு கதை அனுப்பினார். விசுவாசமானது என்று பொருள்படும் கேலிக் சொல் அது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடல், புயல், ஒரு சின்னப் படகு. பரிசு 100 பவுண்டு. காலின்ஸ் பதிப்பகத்தில் வேலை பார்த்த இயன் சாப்மனின் மனைவி மார்ஜரி அதைப் படித்து உருகிப்போனார். சாப்மன் மெக்லீனைத் தேடிப் பிடித்து, ஒரு நாவல் எழுதச் சொன்னார். முதலில் தயங்கிய மெக்லீன், பள்ளி வேலை முடிந்த மாலைகளில் சுமார் பத்து வாரம் உட்கார்ந்து எழுதி முடித்தார். அதுதான் 1955-ல் வந்த 'எச்.எம்.எஸ். யுலிசிஸ்'. ஆறு மாதத்தில் கெட்டி அட்டைப் பதிப்பு மட்டும் 2,50,000 விற்றது.

இப்போது அந்த நாவலுக்குள் போவோம். நான் பேச வந்ததே அதற்காகத்தான்.

யுலிசிஸ் ஒரு கற்பனைப் போர்க்கப்பல். திரும்பத் திரும்ப ஆர்க்டிக்குக்குப் போய்வந்து, ஓய்வே இல்லாமல், மாலுமிகள் கலகம் செய்துவிட்டார்கள். நாவல் தொடங்கும்போது அந்தக் கலகம் முடிந்துவிட்டது, தலைமையகத்திலிருந்து விசாரிக்க ஓர் அதிகாரி வந்திருக்கிறார். கோழைகள், துரோகிகள் என்கிற தொனியில் பேசுகிறார். அப்போது கப்பலின் மருத்துவர் ப்ரூக்ஸ் எழுந்து பதில் சொல்கிறார். இது கலகம் இல்லை ஐயா, களைப்பு. குளிரும் தூக்கமின்மையும் பயமும் சேர்ந்து ஒரு மனித உடம்பையும் மூளையையும் என்ன செய்யும் என்று ஒரு மருத்துவராக அவர் விளக்குகிறார். போர்க்கதை என்றால் வீரம், முழக்கம், கொடி என்று எதிர்பார்த்துப் போகிற வாசகனை முதல் அத்தியாயத்திலேயே மருத்துவர்முன் உட்காரவைத்துவிடுகிறார் மெக்லீன்.

அந்த விளக்கத்தை அதிகாரி ஏற்கவில்லை. பெயரை மீட்டுக்கொள்ள இன்னொரு பயணம் போங்கள் என்று உத்தரவு. கேப்டன் வாலரிக்குக் காசநோய், இருமினால் ரத்தம் வருகிறது. அந்த மனிதர் ஓர் இரவு கப்பலின் ஒவ்வோர் அறையாக இறங்கி ஏறி, ஒவ்வொரு மாலுமியிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறார். அவ்வளவுதான் அந்தப் பகுதி. வெடி இல்லை, சண்டை இல்லை. ஒரு நோயாளி ஏணிப்படி ஏறுகிறார். கலகம் செய்த அதே ஆட்கள் அவருக்காக எதையும் செய்யத் தயாராவது அந்த ஏணிப்படிகளில்தான் நடக்கிறது.

ரால்ஸ்டன் என்று ஓர் இளம் மாலுமி. தம்பி அந்தக் கலகத்தில் இறந்துவிட்டான். வீட்டில் இருந்தவர்களைக் குண்டுவீச்சு கொண்டுபோய்விட்டது. மிச்சம் அப்பா மட்டும். அவர் அதே கான்வாயில் ஓர் எண்ணெய்க் கப்பலின் கேப்டன். அந்தக் கப்பல் தீப்பிடிக்கிறது. எரிகிற கப்பலின் வெளிச்சம் இருட்டில் மொத்தக் கூட்டத்தையும் எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். மூழ்கடித்தே ஆகவேண்டும். டார்பிடோ குழாயின் முன் நிற்கிறவன் ரால்ஸ்டன். அப்பாவின் கப்பல் அது என்று அவனுக்குத் தெரியும். உத்தரவு வருகிறது, விசையை இழுக்கிறான்.

டார்பிடோ பிரிவில் வேலை பார்த்தவர் எழுதிய காட்சி இது. அந்தக் குழாய்களின் பக்கத்தில் எத்தனை மணி நேரம் குளிரில் நின்றிருப்பார், அந்த விசை எப்படி இருக்கும் என்று எழுதியவரின் கைக்குத் தெரியும். இதை எழுதும்போது அவர் கண்ணீரைப் பிழியவே இல்லை. வேலையின் ஒழுங்கை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறார். நான் இதை நாலைந்து முறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன்.

நாவல் வந்தபோது எதிர்ப்பும் இருந்தது. பிரிட்டிஷ் கடற்படையில் கலகமா, இது அவதூறு என்று சிலர் கோபப்பட்டார்கள். நான் மாலுமிகளின் பக்கம். களைத்துப்போனவனைக் கோழை என்று சொல்லக்கூடாது என்று ஒருவர் முந்நூறு பக்கம் வாதாடியிருக்கிறார். அதைப் புரிந்துகொள்ளாமல் கௌரவம் பேசுவது அந்த விசாரணை அதிகாரியின் குரல்.

சரி, அடுத்தது 1957-ல் வந்த 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்'. கிரெகரி பெக், டேவிட் நிவன், ஆன்தனி க்வின் நடித்து 1961-ல் படமாக வந்ததால் பெயர் எல்லோருக்கும் தெரியும். கதைச் சுருக்கம் எளிது. பக்கத்துத் தீவில் 1,200 பிரிட்டிஷ் வீரர்கள் சிக்கியிருக்கிறார்கள், அவர்களை மீட்கப்போகும் கப்பல்களை நவரோன் தீவின் இரண்டு ராட்சதப் பீரங்கிகள் அழித்துவிடும், ஐந்து பேர் செங்குத்தான பாறையில் ஏறி உள்ளே போய் அவற்றைத் தகர்க்கவேண்டும். தீவு கற்பனை. ஆனால் 1943-ல் அதே ஏஜியன் கடலில் லெரோஸ் தீவில் பிரிட்டிஷார் தோற்றது நிஜம். அந்தக் கடலையும் மெக்லீன் கப்பலில் இருந்து பார்த்தவர்.

படத்தில் இல்லாத ஒருவனைப் பற்றிச் சொல்ல ஆசை. ஸ்டீவன்ஸ் என்ற இளம் அதிகாரி. அவனுடைய பயம் எதிரியைப் பற்றியது அல்ல. தான் பயப்படுவது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். பாறையில் விழுந்து கால் நொறுங்கி, மற்றவர்களுக்குச் சுமையாகிவிடுகிறான். கடைசியில் ஒரு மலைக்கணவாயில் தன்னைத் துப்பாக்கியோடு விட்டுவிட்டுப் போகச் சொல்கிறான். பின்தொடர்ந்து வருகிற படையைத் தனியாகத் தடுத்து நிற்கும் அந்த நேரத்தில் பயம் அவனை விட்டுப் போய்விட்டது. "அஞ்சுவது அஞ்சாமை பேதைமை" என்கிறார் வள்ளுவர். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதில் வெட்கமில்லை என்று அந்தப் பையனுக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று படிக்கிறவனுக்குத் தோன்றும்.

இதற்குப் பிறகு வேகவேகமாக நாவல்கள். நாவலை ஐந்து வாரத்தில் முடிப்பார் என்பார்கள். தன் பெயருக்காகத்தான் விற்கிறதோ என்ற சந்தேகத்தில் இயன் ஸ்டூவர்ட் என்ற பெயரில் இரண்டு நாவல் வெளியிட்டார். 1963-ல் எழுத்தே வேண்டாம் என்று விட்டுவிட்டு, இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஜமைக்கா இன் என்ற பழைய விடுதியை வாங்கி நடத்தப் போனார். மூன்று வருடம் கழித்துத்தான் அடுத்த நாவல் வந்தது. எலியட் காஸ்ட்னர் என்ற தயாரிப்பாளர் கேட்டு எழுதிய திரைக்கதை 'வேர் ஈகிள்ஸ் டேர்'. அதையே நாவலாகவும் எழுதினார். ரிச்சர்ட் பர்ட்டன், கிளின்ட் ஈஸ்ட்வுட், மலையுச்சிக் கோட்டை, கேபிள் காரின் கூரைமேல் சண்டை. யார் யாருக்கு உளவாளி என்று தலை சுற்றும். எனக்கும் மிகவும் பிடித்த படம்தான்.

ஆனால் நேர்மையாகச் சொல்லவேண்டும். எழுபதுகளுக்குப் பிறகு வந்த நாவல்கள் மெலிந்துபோயின. பெண் பாத்திரங்கள் அவருக்கு எப்போதுமே கைகூடவில்லை. கூட்டத்துக்குள் ஒரு துரோகி என்ற அதே முடிச்சைத் திரும்பத் திரும்பப் போட்டார். குடி அவரைத் தின்றது. ஜப்பானியர்கள் தன்னைப் பிடித்துப் பல்லைப் பிடுங்கிச் சித்திரவதை செய்தார்கள் என்றுகூடக் கடைசிக் காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அவர் மகனே மறுத்துவிட்டார். எனக்கு இதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. நிஜமாகப் பட்டதையே அவர் அந்த முதல் நாவலில் முழுசாகச் சொல்லிவிட்டிருந்தார்.

மொத்தம் 28 நாவல்கள். தன்னை நாவலாசிரியர் என்றுகூடச் சொல்லிக்கொள்ளாமல் கதைசொல்லி என்றே சொல்லிக்கொண்டார். 1983-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1987 பிப்ரவரி 2 அன்று மியூனிக்கில் காலமானார். சுவிட்சர்லாந்தில் செலின்யீ என்ற சின்ன ஊரில் புதைத்தார்கள். ரிச்சர்ட் பர்ட்டன் கல்லறையும் அதே இடத்தில் சில அடி தள்ளித்தான்.

அந்த ராயலிஸ்ட் கப்பல் என்ன ஆயிற்று என்று தேடிப் பார்த்தேன். நியூசிலாந்துக் கடற்படையில் பத்து வருடம் ஓடியிருக்கிறது. பிறகு 1967-ல் பழைய இரும்புக்கு விற்று, ஜப்பானில் ஒசாக்காவுக்கு இழுத்துப்போய் உடைத்துவிட்டார்கள்.

என் 'யுலிசிஸ்' பிரதியை இந்த மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம், படித்துவிட்டு அடுத்த கூட்டத்தில் கொண்டுவந்தால் போதும். ஆரம்பத்துப் பத்து இருபது பக்கம் கப்பல் பாகங்களின் பெயராக வந்து கொஞ்சம் இழுக்கும். அந்த மருத்துவர் பேசுகிற இடம் வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.