பக்கப்பேச்சு: துணையா, தொல்லையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

இணையவழிக் கூட்டம் நடக்கும்போதே திரை ஓரத்தில் அரட்டைப் பெட்டியில் ஓடுகிறதே ஒரு பக்கப்பேச்சு, அது கூட்டு வேலைக்குத் துணையா, தொல்லையா? துணைதான் என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் கேட்டார்: "ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தட்டச்சு செய்தால், யார் கேட்பது?" சரி, நான் கேட்கிறேன்: பன்னிரண்டு பேரில் ஒருவர் பேசும்போது, மற்ற பதினொரு பேர் மனதில் தோன்றுவதெல்லாம் எங்கே போகிறது? 1987-இல் டீல், ஷ்ட்ரோபே என்ற உளவியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். கூடி உட்கார்ந்து யோசித்தவர்களைவிட, தனித்தனியே யோசித்தவர்களிடம் அதிக யோசனைகள் கிடைத்தன. முக்கியக் காரணம், ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருந்ததுதான். எழுத்தில் அந்த வரிசை கிடையாது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுதலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட்டத்தில் ஒரு சொல் புரியாமல் விழித்திருக்கிறேன். வாய் திறக்கக் கூச்சம். பக்கத்து ஊழியருக்கு ஒரு வரி எழுதினேன். அரை நிமிடத்தில் பதில் வந்தது. அப்புறம்தான் அந்தக் கூட்டத்தில் நானும் ஓர் ஆளானேன்.

வம்பும் வரும் என்கிறார்கள். வரும், மறுக்கவில்லை. அதற்காகப் பெட்டியை மூட வேண்டாம். எல்லாரும் பார்க்கும்படி திறந்து வையுங்கள். ஒருவர் அதைக் கவனித்து, முக்கியமானதைச் சபையில் எடுத்துச் சொல்லட்டும்.

இன்னொன்று. 1969 ஜூலை 20. அப்போலோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கணினி '1202' என்று எச்சரிக்கிறது. தொடர்வதா, திரும்புவதா? பதில் சொல்ல வேண்டியவர் கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஸ்டீவ் பேல்ஸ், வயது 26. பின்னறையில் இருந்த ஜாக் கார்மன் என்ற இளைஞர், அந்த எச்சரிக்கை எண்களையும் அவற்றின் பொருளையும் முன்பே கையால் எழுதி வைத்திருந்தார். விடாமல் திரும்பத் திரும்ப வராதவரை பயமில்லை என்று தனிக் குரல் இணைப்பில் பேல்ஸிடம் சொன்னார். பேல்ஸ் தொடரலாம் என்றார். கலம் இறங்கியது. அன்று குரலில் நடந்த அதே பக்கப்பேச்சுதான் இன்று எழுத்தில் நடக்கிறது.

எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அந்தக் கார்மனிடம், "கையைத் தூக்கிவிட்டு உன் முறை வரும்வரை காத்திரு" என்று சொல்லியிருப்பீர்களா?