கைக்கடிகாரத்துக்குள் ஒரு பிளாப்பி

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் படம் காட்ட வழியில்லை. ஆகவே 1981 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளிவந்த 'பைட்' கணினி இதழின் அட்டையைச் சொல்லால் வரைந்து காட்ட முயல்கிறேன். ஒரு மனிதரின் மணிக்கட்டு. அதில் ஒரு கைக்கடிகாரம். முள் சுற்ற வேண்டிய இடத்தில் ஒரு குட்டித் திரை, அதன் அடியில் எந்த விரல்நுனிக்கும் அடங்காத மிகச் சிறிய விசைப்பலகை. பக்கவாட்டில் தபால்தலையை ஒத்த ஒரு பிளாப்பி வட்டு, அதாவது அக்காலத்தில் கணினிக் கோப்புகளைச் சேமித்து வைத்த காந்தத் தகடு, பாதி உள்ளே போயும் பாதி வெளியே நின்றும் இருக்கிறது.

வரைந்தவர் லூசியானாவைச் சேர்ந்த ராபர்ட் டின்னி. மணிக்கட்டுக்குக் கணினி வரும் என்று கண்டவர் வட்டை மட்டும் விடவில்லையே என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஓவியரின் குறும்பாகவே படுகிறது. அந்த விசைப்பலகையில் எவராலும் தட்டெழுத முடியாது என்பது வரைந்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஒரு கணினி இதழுக்கு ஓவியம் எதற்கு என்று கேட்கலாம். 1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழ் ஆல்டேர் 8800 என்ற கணினியைத் தன் அட்டையில் வெளியிட்டது. அனுப்பிய மாதிரிக் கணினி வழியில் தொலைந்துபோனதால், விளக்குகளும் சுவிட்சுகளும் பொருத்திய ஒரு வெற்றுப் பெட்டியையே படம்பிடித்தார்கள். அட்டையைப் பார்த்த வாசகருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை, ஏனெனில் உண்மையான ஆல்டேரும் வெளித்தோற்றத்தில் அவ்வளவுதான். அதே ஆண்டு செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பீட்டர்பரோ என்ற சிற்றூரிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'பைட்' பேசியதோ நிரல்மொழி, நினைவகம் போன்ற, புகைப்படக் கருவிக்கு அகப்படாத பொருள்களைப் பற்றி. அவற்றுக்கு உருவம் கொடுக்கும் வேலை டின்னிக்கு வாய்த்தது; பத்தாண்டுகளுக்கு மேலாக எண்பதுக்கும் அதிகமான அட்டைகளை அவர் வரைந்தார்.

அவற்றுள் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது 1981 ஆகஸ்டு இதழின் அட்டை. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், பாஸ்கல் என்ற நிரல்மொழிக்கான 'பைட்' இதழின் அட்டையில், கணினி மொழிகளைக் கடலாகவும் நிலமாகவும் காட்டிய ஒரு வரைபடத்தின் ஓரத்தில், ஸ்மால்டாக் என்ற மொழி எவரும் எளிதில் எட்ட முடியாத தனித் தீவாக ஒதுங்கிக் கிடந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில், மவுஸ் எனப்படும் சுட்டியையும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, விண்டோ எனப்படும் சாளரங்களையும் கொண்ட திரையோடு வளர்ந்த மொழி அது. 1981 அட்டையில் அதே தீவிலிருந்து பல வண்ண வெப்பக்காற்று பலூன் ஒன்று கிளம்பி வெளியுலகை நோக்கி வருகிறது. தற்செயலாக, ஐபிஎம் தன் தனிநபர் கணினியை அறிமுகப்படுத்தியதும் அதே மாதத்தில்தான். அதன் முதல் வடிவத்தில் சுட்டியும் இல்லை, சாளரமும் இல்லை.

பின்னாளில் ஓவியங்கள் குறைந்து, விற்பனைக் கணினிகளின் புகைப்படங்கள் அட்டையைப் பிடித்துக்கொண்டன. வாங்கப் போகிறவருக்குப் பொருளைப் பார்க்க வேண்டுமே, அதைக் குறைசொல்ல மாட்டேன். அச்சிதழும் 1998 ஜூலையோடு நின்றது.

நான் இவற்றைத் தாளில் புரட்டியவன் அல்லன். ஸ்கேன் செய்த பக்கங்களாக, மிகவும் பிந்தித் திரையில் கண்டவன். ஆயினும் அந்த பலூனைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதெல்லாம், பின்னால் திறந்திருக்கும் என் திரையின் சாளரங்களும் சேர்ந்தே கண்ணில் படுகின்றன.