மருந்துக் கடையில் பிறந்த பரலோகப் பாட்டு

(சேகரப் பாடகர் குழு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் சேகரகுரு அவர்களே, காலை ஆராதனையை முடித்த கையோடு பேருந்தேறி வந்திருக்கும் பக்கத்துச் சேகரத்துக் குருவானவர் அவர்களே, சேகரச் செயலர் ஐயா அவர்களே, இந்த ஒலிபெருக்கிக்குப் பணம் கட்டிய பொருளாளர் அவர்களே, வயதைப் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் பழைய ஆர்கன் வாசிப்பாளர் அண்ணாச்சி அவர்களே, பாடகர் குழுப் பிள்ளைகளே, அனைவருக்கும் தோத்திரம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் விட்டுப்போகக் கூடாது என்று பேசத்தான் நான் வந்திருக்கிறேன்.

பரலோக நம்பிக்கையைப் பாடும் 'இன் த ஸ்வீட் பை அண்ட் பை' என்ற ஆங்கிலப் பாட்டைப் பற்றி மூன்று காரியம் சொல்ல வேண்டும்: அதன் வேத ஆதாரம், அதன் ராகம், அதை உண்டாக்கியவர்கள். வேத ஆதாரம் யோவான் 14. பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு என்கிற வசனம். குருவானவர்கள் இருவர் இருக்கும் மேடையில் அதற்கு மேல் நான் விளக்கம் சொல்வது அழகல்ல.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று என் ஆச்சி ஓயாமல் சொல்லுவாள். கல்யாணத்திலும் துட்டி வீட்டிலும் இந்தப் பாட்டுகள்தாம் நமக்குத் துணை. உப்பிட்டவர் யார் என்று கேட்டால் முழிக்கிறோம்.

கேளுங்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம், எல்க்ஹார்ன் என்று ஒரு சின்ன ஊர். உள்நாட்டுப் போர் முடிந்து சில வருடமே ஆகியிருந்த காலம். போரில் இரண்டாம் லெப்டினன்டாக இருந்து திரும்பிய சான்ஃபோர்ட் ஃபில்மோர் பென்னட் அங்கே மருந்துக் கடை வைத்திருந்தார். அதே ஊரில் ஜோசப் ஃபில்பிரிக் வெப்ஸ்டர் என்ற இசைக்காரர். போரில் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் பாடி அழுத 'லொரீனா'வுக்கு 1857-இல் மெட்டுப் போட்டவர் இவர்தான். பெரிய வித்துவான், ஆனால் அடிக்கடி மனம் சோர்ந்துவிடும். புதுப் பாட்டு ஒன்றைக் கையில் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்பது பென்னட்டுக்குத் தெரியும்.

ஒரு நாள் வெப்ஸ்டர் கடைக்குள் வருகிறார். வாய் திறக்கவில்லை. நேரே கணப்பு அடுப்பண்டை போய், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கடையில் எழுதிக்கொண்டிருந்த பென்னட், "இப்ப என்ன ஆச்சு?" என்கிறார். "ஒன்றுமில்லை, போகப்போக எல்லாம் சரியாகும்" என்கிறார் வெப்ஸ்டர். அந்தப் 'போகப்போக'தான் ஆங்கிலத்தில் 'பை அண்ட் பை'. சலிப்பில் சொன்ன சொல்! பென்னட் அதைப் பிடித்துக்கொண்டார். "இதையே பாட்டாக்கினால் என்ன?" "ஆக்கலாம்" என்று வெப்ஸ்டர் அசட்டையாய்ச் சொல்ல, பென்னட் மேசைப் பக்கம் திரும்பி மூன்று சரணமும் பல்லவியும் மளமளவென்று எழுதி நீட்டினார். படிக்கப் படிக்க வெப்ஸ்டர் முகம் மாறியது. அங்கேயே ஸ்வரம் குறித்தார், வயலினை எடுத்து வாசித்தார், நாலு குரலுக்கும் பிரித்து எழுதினார். அதற்குள் கார்ஸ்வெல், பிரைட் என்று இரண்டு சிநேகிதர்கள் வந்து சேர, நாலு பேருமாக நின்று பாடினார்கள். பேனா எடுத்ததிலிருந்து அரை மணி நேரம் ஆகியிருக்காது என்கிறார் பென்னட். அப்போது உள்ளே வந்த கிராஸ்பி என்பவர் கண்ணீரோடு, "இந்தப் பாட்டுக்குச் சாவில்லை" என்றாராம். (கைதட்டல்)

கை தட்டினீர்கள், நல்லது. கூடப் பாடிய இருவர் பெயரையும் பென்னட் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறாரே, அதைக் கவனித்தீர்களா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைத்த மனிதர்!

1868-இல் 'சிக்னெட் ரிங்' என்ற ஞாயிறு பள்ளிப் பாட்டுப் புத்தகத்தில் அது அச்சேறியது. வெப்ஸ்டர் 1875-இல் காலமானார். அவர் வீடு இன்று அருங்காட்சியகம். பென்னட் பிறகு மருத்துவம் படித்து, 1874-இல் பட்டம் வாங்கி, வைத்தியராகவே வாழ்ந்து 1898-இல் மறைந்தார்.

சபை மேடையில் சொல்லலாமோ என்னவோ, 1911-இல் ஜோ ஹில் என்ற தொழிற்சங்கப் பாடகர் இதே மெட்டில் ஒரு கேலிப்பாட்டு எழுதினார். பசித்தவனுக்குச் சோறு கேட்டால், செத்த பிறகு வானத்தில் கிடைக்கும் என்கிறார்களே என்று போதகர்களைக் கிண்டல் செய்யும் பாட்டு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. குருவானவர்கள் மன்னிக்க வேண்டும். என் வருத்தம் வேறு. தொழிலாளர்கள் ஜோ ஹில் பெயரை இன்றும் சொல்கிறார்கள். மூலப் பாட்டைப் பாடுகிற நாம் பென்னட்டையும் வெப்ஸ்டரையும் தொலைத்துவிட்டோம்.

ராகத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் செயலர் ஐயா கடிகாரத்தைக் காட்டுவார். ஆகவே கோரிக்கைக்கு வருகிறேன். வேறொரு சபையின் திரையில் பாட்டு வரிகளை ஓடவிடுகிறார்கள். கணினியில் ஏற்றிய தம்பியின் பெயர் கீழே வருகிறது, எழுதினவர் பெயர் இல்லை! பழைய பாட்டுப் புத்தகங்களில் மெட்டின் பெயராவது மூலையில் இருக்கும். புதிதாக அச்சடித்த ஒன்றில் அதுவும் போய்விட்டது. எந்தப் புத்தகம் என்று சொல்லமாட்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்படிச் செய்யலாமா?

திரையிலும் தாளிலும் ஒவ்வொரு பாட்டின் கீழும் எழுதினவர், மெட்டமைத்தவர், தமிழாக்கினவர், வருடம் ஆகிய நான்கும் தெரிந்த மட்டும் போட வேண்டும். வருகிற சேகரக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரச் செயலர் ஐயாவை வேண்டுகிறேன். எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வாசலில் தம்பிமார் நிற்கிறார்கள். தேநீருக்குப் போகிற வழிதான்.