பாஸ்வேர்டு சரி, ஆனா லாகின் ஆகல! கடிகாரத்தைப் பார்த்தீங்களா?

[திரையில்: லாகின் பிழைச் செய்தி]

பாஸ்வேர்டு சரி. அக்கவுண்டும் லாக் ஆகல. நேத்து சாயங்காலம் வரைக்கும் ஓடின சர்வர், இன்னிக்குக் காலையில ஒருத்தரையும் உள்ள விடல. ஏன்?

வணக்கம் மக்களே! நேரம் குறிச்ச டிக்கெட்டைப் பார்த்து உள்ள விடற கெர்பரோஸ் முறையில லாகின் பண்ற சர்வர்ல, ரெண்டு மெஷினோட நேரமும் வழக்கமான செட்டிங்படி 5 நிமிஷத்துக்கு மேல விலகினா டிக்கெட் செல்லாது. மதர்போர்டுல கடிகாரத்தை ஓட்டுற குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்துல 20 பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 செகண்ட் போச்சு. 5 நிமிஷம் சேர சுமார் 174 நாள்! அதாவது, நேரம் சரிபண்றது நின்னுபோன கோளாறு நடந்தது ஆறு மாசம் முன்னாடி. வலிக்கிறது இன்னிக்கு.

நெட்வொர்க் வழியா நேரம் சரிபண்ற என்டிபி முறை, கணினி விஞ்ஞானி டேவிட் மில்ஸ் 1985-ல கொடுத்தது. அது போய்வர்ற வாசல்: யுடிபி, போர்ட் 123. வாங்க, வேலைக்கு.

டேட் கமாண்ட் போட்டு கையால நேரத்தை மாத்தாதீங்க, ப்ளீஸ். ஓடிட்டிருக்கிற டேட்டாபேஸ்ல நேரம் பின்னாடி போனா, அப்புறம் வந்த பதிவு முன்னாடியே வந்த மாதிரி ஆயிடும்.

[திரையில்: டெர்மினல்]

சர்வர்ல என்டிபி வேலையைச் செய்ற ப்ரோக்ராம் க்ரோனி. அதுக்கான கமாண்ட் 'க்ரோனிசி சோர்சஸ்' அடிச்சு, ரீச்னு போட்டிருக்கிற எண்ணைப் பாருங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. கார்த்திகைக்கு வாசல்ல எட்டு அகல் வரிசையா இருக்குன்னு வெச்சுக்கோங்க. சர்வர் ஒவ்வொரு தடவை நேரம் கேக்கும்போதும் எல்லா அகலும் ஒரு இடம் இடப்பக்கம் நகரும், வலது ஓரத்துல புதுசு ஒண்ணு வரும். பதில் வந்தா எரியும், வரலைன்னா எரியாது. அந்த எட்டையும் வலதுலேர்ந்து மூணு மூணாப் பிரிச்சு, ஒவ்வொரு மூணுலயும் வலதுலேர்ந்து 1, 2, 4-னு எரியறதைக் கூட்டி ஒரு இலக்கமா, அதாவது ஆக்டல்ல எழுதினா ரீச். எட்டும் எரிஞ்சா 377. கடைசி கேள்விக்கு மட்டும் பதில் வரலைன்னா 376. ஒண்ணு விட்டு ஒண்ணு வந்தா 252, அடுத்த பதிலுக்கு 125! எந்தெந்த தடவை பதில் வரலைன்னு மூணு இலக்கத்துல தெரியுது பாருங்க, எவ்வளவு அழகு!

377 இருந்தும் நேரம் தள்ளி இருந்தா, க்ரோனி மெதுவா இழுத்துட்டிருக்கு. ஒரே தடவையில சரியாக்கணும்னா, டேட்டாபேஸை நிறுத்திட்டு 'க்ரோனிசி மேக்ஸ்டெப்' அடிங்க. விர்ச்சுவல் மெஷின்னா, அது ஓடற நிஜ மெஷினான ஹோஸ்டும் சேர்ந்து நேரத்தை மாத்துதான்னு பாருங்க.

ரீச் 0 வந்தா முதல்ல ஃபயர்வாலைப் பாருங்க. நான் பார்த்த ஒரு இடத்துல ஃபயர்வாலை மாத்தினப்போ 123 விதி மட்டும் விட்டுப்போச்சு. திறந்துவிட்டுட்டு திரையையே பார்த்துட்டிருந்தேன். 64 செகண்டுக்கு ஒரு தடவை: 1, 3, 7, 17, 37, 77, 177... 377. எட்டு அகலும் ஏறிச்சு!

உங்க சர்வர்ல எவ்வளவு காட்டுது? இப்பவே அடிச்சுப் பார்த்துட்டு கமெண்ட்ல போடுங்க.