பீரங்கியைத் திருப்பிய இரவு

நேயர்களுக்கு வணக்கம். கடற்கரைக் காவல், தலைமை, விசுவாசம், இதையெல்லாம் வைத்து ஒரு இராணுவத் திரில்லர் எழுதுவதென்றால் எப்படி எழுதலாம், அதைப் பற்றிக் கதையுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கதை ஒன்றும் கட்டப்போவதில்லை. கட்டாமலே ஒன்று நம்முடைய கொழும்பிலேயே கிடக்கிறது.

கோட்டை வெளிச்சவீட்டடியில் சுதந்திர தினத்துக்குக் கடற்படை 25 வேட்டுத் தீர்க்கும், கேட்டிருப்பீர்கள். அந்தப் பீரங்கிகளின் வாய் கடலைத்தான் பார்க்கும். கடற்கரைப் பீரங்கி என்றாலே அப்படித்தான், எதிரி வரும் திசை கடல். இந்தக் கதையில் மட்டும் அது மாறிப்போகிறது.

1942. பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்துவிட்டது, ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேலேயே வந்து குண்டு போட்டுவிட்டுப் போயின, வெள்ளைக்காரன் தோற்கவே மாட்டான் என்ற எண்ணம் ஊரில் ஆட்டம் கண்டிருந்த நேரம். அப்போது நம்முடைய சிலோன் கரிசன் ஆர்ட்டிலரியின், அதாவது கடற்கரைப் பீரங்கிப் படையின், ஒரு பிரிவு கொக்கோஸ் தீவுகளில் இருந்தது. நமக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் நடுவில், கடலுக்குள் சிதறிக் கிடக்கும் பவளத் திட்டுகள் அவை. அங்கே டைரக்ஷன் தீவில் கடலடித் தந்திக் கம்பி நிலையம் ஒன்று. துடுக்கான பயலைப் பார்த்து 'இவன் சரியான எம்டன்' என்கிறோமே, அந்த எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 இல் கம்பியை அறுக்கப் போய் அவுஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டு முடிந்ததும் அந்தத் தீவுகளில்தான். சரி, எம்டனை விடுவோம்.

பக்கத்திலிருந்த ஹோர்ஸ்பர்க் தீவில் ஆறு அங்குலப் பீரங்கிகள் இரண்டு. அதிகாரி ஆங்கிலேயர், கப்டன் கார்டினர். சிப்பாய்கள் இலங்கையர். மரமும் மணலும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு துண்டு நிலத்தில், பிடிக்காத மேலதிகாரியின் முகத்தையே தினமும் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அலுவலகத்துக்குப் போய்வரும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு மேல் நிறவெறி. சிப்பாய்களில் ஒருவரான பொம்பாடியர் (பீரங்கிப் படையில் ஒரு சிறு பதவி) கிரேஷன் பெர்னாண்டோ இடதுசாரிக் கருத்துகளில் ஊறியவர். அவரும் கூட்டாளிகளும் போட்ட திட்டம் இதுதான்: அதிகாரிகளைப் பிடித்துக் கட்டுவது, பீரங்கியைத் திருப்பி டைரக்ஷன் தீவுப் படையை மடக்குவது, அப்புறம் கிறிஸ்மஸ் தீவிலிருந்த ஜப்பானியருக்குத் தகவல் கொடுப்பது. அந்தத் தீவிலும் மார்ச்சில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ச்சி செய்திருந்தார்கள்.

மே 8 இரவு கிளர்ந்தெழுந்தார்கள். அவர்கள் கையிலிருந்த பிரென் இயந்திரத் துப்பாக்கி சுடாமல் சிக்கிக்கொண்டது. ஒரு திரில்லரில் நான் இப்படி எழுதினால் பதிப்பாளர் 'இது என்ன வசதியான தற்செயல்' என்று சிரிப்பார், ஆனால் நடந்தது அதுதான். சுட்டது கொஞ்ச நேரம், விடிவதற்குள் அடங்கிவிட்டது. செத்தது ஒரே ஒருவர். ஆங்கிலேய அதிகாரி இல்லை, காவலில் நின்ற இலங்கைச் சிப்பாய்.

இராணுவ நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது, நான்கு பேருக்குப் பிறகு குறைத்தார்கள். மூன்று பேரை வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிட்டார்கள்: ஆகஸ்ட் 5 இல் பெர்னாண்டோ, 7 இல் கார்லோ கவுடர், 8 இல் பென்னி டி சில்வா. இரண்டாம் உலகப் போரில் கிளர்ச்சிக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயப் படையினர் இந்த மூவர் மட்டுமே. பெர்னாண்டோ உயிர்ப்பிச்சை கேட்கவில்லை. வெலிக்கடை என்றதும் நம்மில் பலருக்கு 1983 ஜூலையில் அங்கே தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதுதான் நினைவுக்கு வரும், அந்தச் சுவர்களுக்குள் இதுவும் நடந்திருக்கிறது.

இதை எழுத வருகிறவர்கள் பெர்னாண்டோவை வீரனாக்குவார்கள், இல்லாவிட்டால் துரோகியாக்குவார்கள். இரண்டும் சுலபம். கார்டினரை வில்லனாக்குவது அதைவிடச் சுலபம். நான் எழுதினால் காவலில் நின்றவரிடமிருந்து தொடங்குவேன். அவருக்கும் அதே சீருடை, அதே சோறு, அதே அதிகாரியிடம் அதே ஏச்சு. இருட்டில் நடந்து வருகிறவன் தன் கூடாரத்துக்காரன் என்று நினைத்து அவர் துப்பாக்கியைத் தாழ்த்தியிருப்பாரா, இல்லையா? அந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு இன்னும் கை வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வணக்கம்.