பகடைக்குக் கட்டுப்படுதல்

அவையோருக்கு வணக்கம்.

மேஜைமேல் சின்னஞ்சிறு படைவீரர்களை நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இதை முதன்முறை பார்ப்பவரின் கண் பொம்மைகள்மேல்தான் போகும். 28 மில்லிமீட்டர் உயரமுள்ள வீரன் ஒருவனுக்குச் சட்டைப் பொத்தான் வரை வண்ணம் தீட்டியிருந்தால் யாருக்குத்தான் வியப்பு வராது! ஆனால் நான் பேச வந்தது அந்தப் பொம்மைக்குப் பக்கத்தில் கிடக்கும் விதிப்புத்தகத்தைப் பற்றி. இந்தக் கலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

விதிப்புத்தகத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணும் வரலாற்றைப் பற்றிய ஒரு தீர்ப்பு. நெப்போலியன் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பிரெஞ்சுக் காலாட்படை நெருக்கமான அணிகளாக, வரிசைக்குப் பின் வரிசையாகத் திரண்டு முன்னேறியது. பிரிட்டிஷ் படை இரண்டே வரிசையில் அகன்று நின்று எதிர்த்தது. பல களங்களில் பிரெஞ்சு அணிதான் உடைந்தது. ஏன்? சார்லஸ் ஓமன் என்ற வரலாற்றாசிரியர் கணக்குப் போட்டார். திரண்டு வரும் அணியில் முன்வரிசைக்காரர்கள்தான் சுட முடியும். அகன்று நிற்பவர்களில் எல்லோரும் சுடலாம். ஆகவே துப்பாக்கிகளின் எண்ணிக்கைதான் முடிவு செய்தது என்றார். பின்னால் வந்த பேடி கிரிஃபித் இதை மறுத்தார். பிரிட்டிஷார் எதிரி நெருங்கும்வரை பொறுத்திருந்து சுட்டு, உடனே ஆரவாரத்துடன் துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்தார்கள்; அதில்தான் எதிரியின் மனம் உடைந்தது என்றார். கிரிஃபித் வரலாற்றாசிரியர், போர் விளையாட்டுக்காரரும்கூட. அதனால்தான் அவருக்கு இந்தக் கேள்வி அவ்வளவு கூர்மையாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

இப்போது நீங்கள் விதி எழுத உட்காருகிறீர்கள். ஓமன் சொன்னதை ஏற்றால், சுடும் கட்டத்தில் பகடைகளை அள்ளிக் கொடுக்க வேண்டும். கிரிஃபித்தை ஏற்றால் சூட்டுக்குச் சில பகடைகள் போதும். பாய்ச்சலின்போது எதிரி நிற்பானா, ஓடுவானா என்ற சோதனையில்தான் எடை விழ வேண்டும். கட்டுரை எழுதுகிறவர் ‘இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம்’ என்று முடித்துக்கொள்ளலாம். விதி எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. நான்கா, ஐந்தா என்று சொல்லியாக வேண்டும்.

மன உறுதிச் சோதனை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். நல்ல விதிகளில் எந்தப் படைப்பிரிவும் கடைசி ஆள்வரை நின்று சாவதில்லை. பக்கத்துப் பிரிவு ஓடினாலோ, தலைவன் விழுந்தாலோ, பக்கவாட்டில் அடி விழுந்தாலோ பகடை உருட்ட வேண்டும். எண் குறைந்தால் அந்தப் பிரிவு உங்கள் கட்டளையைக் கேட்காது, திரும்பி நடக்கும். சதுரங்கத்தில் குதிரைக்குப் பயம் கிடையாது. இங்கே உண்டு.

ஆடுபவரின் கைக்குள் எல்லாமே அடங்கிவிடக் கூடாது என்ற இந்த எண்ணம் புதிதல்ல. 1812-இல் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி தம் போர் விளையாட்டை மன்னருக்குக் காட்டினார். பீரங்கிப் படையில் லெப்டினன்டாக இருந்த அவர் மகன் அதை மேஜைச் சதுரங்களிலிருந்து எடுத்து உண்மையான நிலவரைபடத்துக்குக் கொண்டுவந்து, 1824-இல் விதிகளை வெளியிட்டார். வரைபடம் 1:8000 அளவு. ஒரு சுற்று என்பது களத்தில் இரண்டு நிமிடம். நீலம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம், நடுவில் ஒரு நடுவர். ஆடுபவர் கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுப்பார். தம் படையின் கண்ணுக்கு எட்டியது எதுவோ அது மட்டுமே அவருக்குக் காட்டப்படும். மலைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே முடிவெடுக்க வேண்டும். பிரஷ்யப் படைத் தலைமையகத்தின் தலைவர் மியூஃப்லிங் சற்று அலட்சியமாகப் பார்க்கத் தொடங்கி, இது விளையாட்டல்ல, போர்ப்பயிற்சி என்று வியந்து முடித்தார் என உடனிருந்தவர் எழுதிவைத்திருக்கிறார். அங்கே உருவங்கள்கூட இல்லை. வண்ணம் பூசிய சிறு கட்டைகள்தாம்.

நண்பர்களே, இனி 1942-க்கு வருகிறேன். அந்த ஆண்டில் நடந்த இரண்டு ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது லிவர்பூலில், டெர்பி ஹவுஸ் கட்டடத்தில் நடந்தது. அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களைச் சாய்த்துக்கொண்டிருந்த நேரம். காசநோயால் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸை அழைத்து ஒரு பயிற்சிப் பிரிவை அமைக்கச் சொன்னார்கள். அவருடன் பணியாற்றியவர்கள் பெரும்பாலும் கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். தரைதான் அவர்களுக்குக் கடல். சரக்குக் கப்பல் கூட்டத்துக்குக் காவலாகச் செல்லும் கப்பல்களின் தலைவர்களாக ஆடுபவர்கள் திரைக்குப் பின்னால் நின்று, கிழிசல் போன்ற சிறு திறப்பின் வழியே மட்டும் பார்க்க வேண்டும். நீர்மூழ்கியின் தடத்தைப் பச்சைச் சுண்ணக்கட்டியால் வரைவார்கள். திரைக்குப் பின்னால் இருப்பவருக்கு அது தெரியாது.

கப்பல் கூட்டத்தின் நடுவே உள்ள கப்பல் எப்படி அடிபடுகிறது என்று ராபர்ட்ஸ் கேட்டார். வெளியிலிருந்து சுடுகிறார்கள் என்றுதான் பலரும் நம்பினார்கள். தரையில் அளந்து அளந்து ஆடிப் பார்த்தபோது வேறொரு விடை கிடைத்தது: நீர்மூழ்கி இரவில் பின்பக்கமாக வந்து, கூட்டத்துக்கு உள்ளே நுழைந்து சுட்டுவிட்டு மூழ்கிக்கொள்கிறது. அப்படியானால் காவல் கப்பல்கள் வெளியே ஓடித் தேடுவது வீண். உள்நோக்கித் திரும்பி வளைக்கும் முறை அங்கே பிறந்தது. அதற்கு ராஸ்ப்பெரி என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் ஆடிப் பயின்றார்கள்.

இரண்டாவது ஆட்டம் அதே ஆண்டு மே மாதம், யமட்டோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலில் நடந்தது. பசிபிக் கடலில் அமெரிக்கர் வசமிருந்த மிட்வே தீவைத் தாக்குவதற்கு ஒத்திகை. அமெரிக்க விமானங்கள் தாக்கும் கட்டத்தில் பகடை உருட்டினார்கள். ஒன்பது குண்டுகள் விழுந்ததாகக் கணக்கு வந்தது. அகாகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்க வேண்டும். நடுவராக இருந்த உகாகி அந்த எண்ணை மூன்றாகக் குறைத்தார். காகா மட்டும் மூழ்கியது. சற்று நேரத்தில், அடுத்த கட்ட ஆட்டத்தில், மூழ்கிய காகாவும் மீண்டும் மிதந்தது. ஒன்பது என்பது மிகையான எண் என்று உகாகி கருதியதில் நியாயம் இருக்கக்கூடும். அதைப் பற்றி வாதாடலாம். மூழ்கிய கப்பலை எழுப்பியதற்கு எந்த வாதமும் கிடையாது. ஜூன் 4 அன்று தொடங்கிய உண்மைப் போரில் அந்த இரண்டோடு இன்னும் இரண்டு, ஆக நான்கு விமானந்தாங்கிகளை ஜப்பான் இழந்தது.

மேஜை சொன்னதைக் கேட்டவர்களும் கேட்காதவர்களும் ஒரே ஆண்டில்! வார இறுதியில் பொழுதுபோக்காக ஆடும் நமக்கும் இது பொருந்தும். பிடித்த படை ஓடுகிறதே என்று பகடையை மறுபடி உருட்டுகிறவர் அன்றைக்கு ஒன்றும் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

வண்ணம் தீட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்ணம் ஒட்டுவதற்கான முதல் பூச்சான பிரைமர், அடிப்படை நிறம், மடிப்புகளில் இறங்கும் நீர்த்த கருநிறம், மேடுகளில் உலர்ந்த தூரிகையால் ஓர் இழுப்பு. இவ்வளவு தெரிந்தால் மேஜைக்கு இறக்கலாம். பெரும்படையின் தோற்றம் வேண்டுமென்றால் 6 மில்லிமீட்டர் உருவங்கள், முகம் வேண்டுமென்றால் 28.

போரை விளையாடுவது சரியா என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். எச். ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மை வீரர்களையும் மரக்குண்டு எறியும் பொம்மைப் பீரங்கியையும் வைத்து ஆடும் விதிகளை நூலாக்கினார். அந்நூலின் முடிவில் அவரே இதற்கு விடை சொல்கிறார்: இந்தச் சிறுபோரைச் சில முறை ஆடினாலே பெரும்போர் எவ்வளவு தடுமாற்றமான காரியம் என்று விளங்கிவிடும் என்று. மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. ஆனாலும் அவர் சொன்னது பிழையாகிவிடவில்லை. பயத்தையும் குழப்பத்தையும் விதியில் வைத்த ஆட்டம் யாருக்கும் போர்வெறி ஏற்றாது.

என் குறை வேறிடத்தில் இருக்கிறது. 1812-இல் ரஷ்யாவுக்குள் நுழைந்த நெப்போலியனின் படை, மாஸ்கோவுக்கு அருகே பெரும்போர் நடந்த போரோடினோ களத்தை எட்டுவதற்கு முன்பே, பசியாலும் நோயாலும் வெயிலாலும் கரைந்துபோனது. நம் மேஜைகள் பெரும்பாலும் போரோடினோவில்தான் தொடங்குகின்றன. வந்து சேராதவர்களுக்கு அங்கே உருவம் இல்லை. வழியில் தானியம் பறிகொடுத்த கிராமத்துக்கும் இல்லை. படைகளின் தொடர் நகர்வை வரைபடத்தில் வாரக்கணக்கில் ஆடி, உணவுக்கும் விதி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்; சிலர்தான். அந்த விதிகள் அலுப்பூட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அங்கே எண்ண வேண்டியது வண்டிகளையும் மாவு மூட்டைகளையும்.

பின்னால் இரண்டு மேஜைகளில் ஒரே வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறோம். நீலத்துக்கு மூவர், சிவப்புக்கு மூவர் வாருங்கள். கட்டளைகளைத் தாளில் எழுதி என்னிடம் கொடுங்கள். பாலத்தின் மறுகரையில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். யாரையாவது அனுப்பிப் பாருங்கள்.